உருமாறிய துப்பாக்கியும் அதன் பழைய உருவமும்

பழம்பொருள் ஒன்று சிதைந்து கிடக்கக் கண்டால், அதனைச் செப்பஞ்செய்து முன்னிருந்தவாறே நிறுத்தவேண்டும் என்னும் வேட்கை எவர்க்கும் இயல்பாக எழுவதே. இடிந்த மண்டபமாயினும், செல்லரித்த ஏடாயினும், பிடியிழந்த வாளாயினும் அவ்வேட்கை ஒன்றே. ஆயினும், 'முன்னிருந்தவாறு' என்னும்பொழுது எந்த முன்னைக் கருதுகிறோம் என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வோர் சிலரே. இவ்வினாவைப் பழைய போர்த்துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணாக்கனுக்குத் துப்பாக்கியோடு யாது தொடர்பு என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைப்பார்கள்; நகைக்கட்டும். பாடபேதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இத்துறையில் வேலை மிகுதி என்பதைச் சிறிது பொறுத்தால் அவர்களே காண்பார்கள்.

யான் எடுத்துக்கொண்டது 1853ஆம் ஆண்டு மாதிரி என்று வழங்கும் என்பீல்டுத் துப்பாக்கி. இலண்டன் மாநகருக்கு வடக்கே என்பீல்டு என்னும் இடத்தில் இருந்த அரசாங்கப் படைக்கலச் சாலையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. குழலின் நீளம் 39 அங்குலம், முழு நீளம் ஏறத்தாழ 55 அங்குலம், நிறை ஏறத்தாழ ஒன்பதரை இராத்தல், குழலின் உள்விட்டம்.577 அங்குலம். வால்நட் மரக்கட்டையிற் குழலைப் பதித்து மூன்று இரும்புப் பூண்களால் இறுக்கியிருப்பர். அடிக்கட்டையின் தகடும், விசையைச் சுற்றிய வளையமும், கட்டையின் முனைமூடியும் பித்தளை. மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு இருப்புக் கோலால் இடித்து, பக்கத்திலுள்ள காம்பின்மேல் கேப்பு ஒன்றை மாட்டி, குதிரையைப் பின்னே இழுத்து நிறுத்தி விசையைத் தட்டினால், குதிரை கேப்பின்மேல் விழ, தீப்பொறி உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றும். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற் பழைய படைக்கலங்களைக் கண்டோர்க்கு, ஆளுயரத்திற்குச் சிறிதே குறைந்த இத்தகைய துப்பாக்கிகளின் தோற்றம் புதிதன்று.

இதன் சிறப்புக்குக் காரணம் குழலின் உள்ளே இருந்தது. முன்னைய மஸ்கெட்டுகளின் குழல் உள்ளே நீர்க்குழாய்போல் வழுவழுப்பாக இருக்கும். குண்டு அதற்குள் தளர்ந்து இருமருங்கும் மோதிக்கொண்டு வந்து, கடைசியாக எப்பக்கம் மோதிற்றோ அதற்கேற்பத் திசை மாறிப் பறக்கும். நூறு கெஜத்திற்கு அப்பால் நிற்கும் ஓராளைக் குறிவைத்து வீழ்த்துதல் ஊழின் செயலேயன்றிச் சுடுவோன் செயலன்று. என்பீல்டின் குழலிலோ மூன்று ஆழமற்ற பள்ளங்கள் புரியாக வளைந்து செல்லும். 78 அங்குலத்திற்கு ஒரு முழுச் சுற்று என்பது கணக்கு. குழல் 39 அங்குலமே ஆதலின் குண்டு வெளிவருமுன் அரைச்சுற்றுத்தான் சுற்றும். அவ்வரைச்சுற்றே போதும். சுழலும் பம்பரம் சாயாது நிற்றல்போலச் சுழலும் குண்டும் தலைதடுமாறாது செல்லும். ஈயக்குண்டின் அடிப்புறம் குடையப்பட்டிருத்தலின், மருந்து வெடிக்குங்கால் அஃது அகன்று புரியை இறுகப் பற்றிக்கொள்ளும். இடும்போது எளிதில் இறங்கிய குண்டு வெளிவரும்போது புரியின் வழியே சுழன்று வரும். குழலின்மேல் 900 கெஜம்வரை அளவிட்ட, ஏணிபோல் நிமிரும் குறிகாட்டி ஒன்றை வைத்தது வெறும் அலங்காரத்திற்காக அன்று.

இத்துப்பாக்கியின் தோட்டாவே 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று என்பது சரித்திரம் படித்தார் யாவரும் அறிந்தது. காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலிற் கொட்டவேண்டும். அக்காகிதத்திற் பூசிய கொழுப்பு பசுவினுடையது என்றும் பன்றியினுடையது என்றும் பரவிய செய்தி சிப்பாய்களின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்தது. அக்கிளர்ச்சியின் பின்விளைவு ஒன்று இத்துப்பாக்கியின் குழலுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இன்று பழம்பொருள் விற்போரிடமும் பழங்குடும்பங்களின் பரண்களிலும் கிடைக்கும் என்பீல்டுகளிற் பல முழு உருவத்தோடு இல்லை. அவற்றை உருமாற்றியவர் யார், ஏன் மாற்றினர் என்று அறிவதே முதற்பாடம்.

மிகப் பெரும்பான்மையானவற்றை உருமாற்றியவன் உழவன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இருதிறத்தாரும் இத்துப்பாக்கியை விலைகொடுத்து வாங்கினர்; ஏறத்தாழ 9 லட்சம் கடல் கடந்து சென்றன என்பர். போர் முடிந்த 1865ஆம் ஆண்டில், படையினின்று விடுவிக்கப்பட்ட வீரர் தம் கையிலிருந்த படைக்கலத்தை விலைக்குப் பெற்றுக்கொள்ளலாம் என்று அந்நாட்டு அரசாங்கம் ஆணையிட்டது. மஸ்கெட்டின் விலை 6 டாலர். அதனைத் தோளிற் சுமந்து வீடு திரும்பியவனுக்கு 900 கெஜத்திற்கு அப்பால் நிற்கும் பகைவன் இல்லை. கதிர் தின்னும் பறவையும் காட்டு முயலுமே அவன் பகை. சிறு ரவைகளைப் புரியுள்ள குழலில் இட்டால் அவை சுழன்று சிதறிப்போகும். ஆகவே புரியைக் கடைந்து எடுத்தான். நீண்ட குழல் புதருக்குள் இடறிற்று, அறுத்தான். முன்கட்டையும் இரு பூண்களும் வீண்சுமை, களைந்தான். ஏணிக் குறிகாட்டி கையைக் கீறிற்று, தட்டி எறிந்தான். இவ்வாறு போர்க்கருவி வயற்கருவி ஆயிற்று. வாள்கள் கொழுக்களாகும் காலத்தைக் கண்முன் கண்ட ஏசாயா தீர்க்கதரிசி இதனைப் பார்த்திருந்தால் உவந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அங்ஙனமாயின் இத்துப்பாக்கியைப் பழைய உருவத்திற்குக் கொண்டுவருவோர் கொழுவை மீண்டும் வாளாக அடிப்பவர் ஆகின்றனர் அல்லரோ? இத்தடையை எண்ணிப் பார்த்தபின்னரே வேலையைத் தொடங்குதல் தகும். சுடுவதற்காக அன்றிக் காட்சிக்காகவும் கல்விக்காகவும் செய்யப்படுமேல் அத்தடை பெரிதும் நீங்கும் என்பது என் கருத்து. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் உண்டு. சுடவல்ல துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருக்க அது இடந்தராது.

வேலையிற் புகுவோர் முதற்கண் அறியவேண்டுவது துப்பாக்கி நிறைந்திருக்கிறதா என்பதே. நூறாண்டு பரணிற் கிடந்தவற்றுள் மருந்தும் குண்டும் இட்டபடியே இருந்தவை பல கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. கருமருந்து ஈரம் புகாதவரையில் எத்தனை ஆண்டாயினும் தன் ஆற்றலை இழப்பதில்லை. மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயின் விளிம்பில் அக்கோலில் அடையாளமிட்டு வெளியே எடுத்து, குழலின் மேற்புறத்தில் அதே விளிம்பிலிருந்து வைத்துப் பார்க்கவேண்டும். கோலின் நுனி கேப்புக் காம்பின் அருகுவரை எட்டினால் குழல் வெறுமை. இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ ஒன்று உண்டு. அதனை அத்துறையில் வல்லாரிடம் ஒப்புவிப்பதே முறை. முகத்தை வாயருகே வைத்து உற்றுப் பார்த்தல் வேண்டா.

அதன்பின் துப்பாக்கியைப் படிக்கவேண்டும். படித்தல் என்று யான் சொல்வது உவமையாக அன்று. எழுத்துக்களே பல இருக்கின்றன. அரசாங்கப் படைக்கெனச் செய்தவற்றின் பொறித்தகட்டில், குதிரைக்குப் பின்னே ஒரு முடியும் அதன்கீழ் வி. ஆர். என விக்டோரியா அரசியாரின் குறியெழுத்துக்களும், குதிரைக்கு முன்னே 'என்பீல்டு' அல்லது 'டவர்' என்னும் சொல்லும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். கிழக்கிந்தியக் கும்பினிக்கெனச் செய்தவற்றில் முடியைக் கையிலேந்தி எழுந்து நிற்கும் சிங்கம் காணப்படும். கும்பினியின் ஆட்சி 1858இல் ஒழிந்தமையின் அச்சிங்கமே காலத்தை ஒருவாறு அறிவித்துவிடும். பர்மிங்காம் வணிகர் அமெரிக்காவுக்கு விற்றவற்றிலோ பெரும்பாலும் முடி மட்டும் இருக்கும், வி. ஆர். இராது. எனவே பொறித்தகடு ஒரு கதையும் குழல் வேறொரு கதையும் கூறுமாயின், இரண்டு துப்பாக்கிகளின் உறுப்புக்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன என்று ஐயுறவேண்டும்.

எழுத்தில்லாத இடங்களும் பேசும். குறிகாட்டி இருந்த இடத்தில் ஈயப்பற்றின் மிச்சமும், நீள்சதுரமான நிழல் போன்ற நிறவேறுபாடும் எஞ்சியிருக்கும். கட்டையினின்று குழலைக் கழற்றிப் பார்த்தால், மரத்தில் மறைந்து கிடந்த அடிப்புறம் கருநீலப் பூச்சு மாறாமல் இருப்பதுண்டு. அவ்வடிப்புறத்தின் துருவேறாத பகுதி எதுவரை செல்கிறது என்று நோக்கினால் பழைய முன்கட்டை நெடுங்காலம் இருந்ததா, விரைவிலேயே அறுபட்டதா என்பதும் ஒருவாறு புலனாகும். பூண்கள் பற்றியிருந்த இடங்களில் மங்கிய வளையங்கள் தெரியும். குழலை அளந்து பார்க்க 39 அங்குலத்திற்குக் குறைந்தால் அறுக்கப்பட்டது உறுதி எனல் ஆகாது. இதே குடும்பத்தில் இரண்டு பூண்களோடு 33 அங்குலக் குழலுடைய துப்பாக்கிகளும் தொடக்கத்திலிருந்தே செய்யப்பட்டன. இதனை அறியாதார் குற்றமற்ற குறுந்துப்பாக்கிக்கு ஆறு அங்குலக் குழலையும் ஒரு பூணையும் கூட்டிக் கெடுத்துவிடக்கூடும். புறநானூற்றில் ஓரடி குறைந்து தோன்றினால் உடனே அடி வீழ்ந்தது என்று துணியாமல், அவ்வகைப் பாட்டுக்கு அது தகுமா என்று இலக்கணத்தைப் பார்ப்பதில்லையா? அதுவே இங்கும்.

இனிச் செப்பஞ்செய்யும் முறை. இரும்பின்மேற் படர்ந்த துருவை எண்ணெயில் ஊறவைத்து, அதனினும் மெல்லிய உலோகமாகிய பித்தளையின் சுரண்டியாற் பொறுமையோடு நீக்கல் வேண்டும். சாணைச்சக்கரத்தைக் காட்டினால் ஒரு நாழிகையிற் பளபளப்பு வந்துவிடும், அதனோடு வி. ஆரும் சிங்கமும் ஆண்டும் போய்விடும். கட்டையும் அவ்வாறே. உப்புத்தாள் கொண்டு தேய்த்து வழவழப்பாக்கினால், அதிற் குத்திய சோதனை முத்திரைகள் மறைவதோடு, பித்தளைத் தகட்டின் விளிம்பு மரத்தினும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். மரத்தில் அழுந்திய பள்ளங்களை, ஈரத்துணியை அதன்மேலிட்டுச் சுடுபெட்டியால் ஒற்றி நீராவி புகச்செய்தால், நசுங்கிய நரம்புகள் தாமே எழும்பிவரும். ஆளிவிதை எண்ணெயைக் கையால் மெல்லப் பூசித் தேய்த்தல் முடிவுவேலை. வார்னிஷ் ஆகாது.

பளபளப்பைப் பற்றிப் பேசுங்கால் புறநானூற்றின் 95ஆம் பாட்டு என் நினைவுக்கு வருகிறது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலிலே மெருகிட்டு அணி செய்து வைத்த வேல்களைக் கண்டு, அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்று புகழ்வார்போற் பழித்த பாட்டு அது. படைக்கலத்தின் தேய்வு அதன் வாழ்க்கை வரலாறு என்பதை அப்பெருமாட்டியார் நன்கு அறிந்திருந்தார். ஆனால் அவர் பாட்டிற் கொல்லனும் இருக்கிறான் என்பதை மறத்தலாகாது. முறிந்த வேல் உலைக்களத்திற்கு வந்தது செப்பஞ்செய்யப்பெறுவதற்கே. செப்பமே கூடாது என்பார்க்கு அப்பாட்டுத் துணைநில்லாது.

அறுபட்ட முன்கட்டையைக் கூட்டுதல் இத்தொழிலில் மிக நுண்ணிய பகுதி. புதுமரம் பழமரத்தின் அருகில் நின்றால் நிறமும் இழையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் உடைந்து பயன்படாத வேறொரு பழங்கட்டையினின்று முன்பகுதியைத் தேடியெடுத்து, இரு முனைகளையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேலொன்று படியவைத்து, பொருத்துவாய் ஒரு பூணின்கீழ் மறையுமாறு ஒட்டுவர். கைதேர்ந்தார் ஒட்டியதைப் பூணைக் கழற்றினாலன்றிக் காணல் அரிது. பின்னர் இடிகோல் செல்லும் வாய்க்கால் இரு பகுதியிலும் நேராக ஓடுகின்றதா என்று பார்க்கவேண்டும். இங்கேதான் பலர் முயற்சி தவறுகிறது. வெளியே அழகாகப் பொருந்திய கட்டையிற் கோல் பாதிவரை சென்று முட்டி நிற்கும்.

குறைந்த பூண், திருகாணி முதலியவற்றைத் தேடுவோர் ஒன்றனை அறிதல் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இயந்திரங்களைக்கொண்டு 1850களின் பிற்பகுதியில் என்பீல்டுச் சாலையிலே செய்யத்தொடங்கிய துப்பாக்கிகளில், ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தும். பர்மிங்காமிலும் இலண்டனிலும் தனித்தொழிலாளர் கையால் அராவிப் பொருத்தியவற்றிற் பெரும்பாலும் பொருந்தாது. திருகாணியின் புரிகூட வேறுபடும். ஆகவே 'அசல் உறுப்பு' என்று விலைகொடுத்து வாங்கியது வீடு வந்தபின் துளையிற் புகாமல் நிற்பதுண்டு. அதனை அரத்தால் அராவிப் புகுத்துவதா, இத்தாலியிற் செய்யப்படும் புதுப்படியின் உறுப்பை வாங்குவதா என்று கேட்டால், பழைய உறுப்பைக் கெடுப்பதினும் புதியதைப் பொருத்துதலே மேல் என்பேன். அதன் உட்புறத்திற் செய்த ஆண்டைப் பொறித்துவிட்டால் ஒருவரும் ஏமாறார்.

அறுத்த குழலுக்கு இழந்த நீளத்தைப் பற்றவைத்துக் கூட்டுவதும் உண்டு. அது கண்ணுக்கே உரியது. அத்தகைய குழலில் மருந்திடுவது உயிருக்கு உலைவைப்பதாகும்.

இம்மறைவான பொருத்துவாயும் நிறமேற்றிய மரமும் திறமையைக் காட்டுமளவுக்கு வஞ்சனைக்கும் இடந்தருவன. உழவன் அறுத்த துப்பாக்கிக்கும் முழு உருவத்துப்பாக்கிக்கும் விலையிற் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே செப்பஞ்செய்த ஒன்றைச் சேதமுறாத ஒன்றாக விற்பவர் என்றும் இருப்பர். மங்கிய ஆண்டைப் புதிதாக வெட்டுவோரும் உளர். 1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்திற் கூடிய அறிஞர் பழங்கட்டடங்களைப் பற்றி வகுத்த விதிகளுள், இழந்த பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைந்திருக்கவேண்டும், ஆயினும் பழையதினின்று பிரித்தறியக் கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பது ஒன்று. கட்டடத்திற்குச் சொன்னதாயினும் கட்டைக்கும் பொருந்தும். நமக்கோ இவ்விதி புதிதன்று. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1894இற் புறநானூற்றை அச்சிட்டபொழுது 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை. அவருடைய புலமைக்கு அவ்விரண்டிடத்தும் சங்கநடையில் இரண்டு பாட்டுக்களைப் பாடி வைத்தல் அரிதாயிருந்திருக்குமா? படிப்போருட் பலர் வேற்றுமை கண்டிருக்கமாட்டார். அவர் அவ்விடங்களை வெறுமையாக விட்டார். ஆதலின் எஞ்சிய பாட்டுக்களை நாம் ஐயமின்றி நம்புகின்றோம்.

இதுகாறும் கூறியது உழவன் மாற்றிய துப்பாக்கியைப் பற்றி. மேலே பின்னர்க் கூறுவேன் என்று விடுத்ததற்கு இனி வருகிறேன்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடங்கியபின், இந்தியச் சிப்பாயின் கையில் ஆங்கிலப் படைவீரன் கையிலுள்ளதற்கு ஒப்பான துப்பாக்கி இருத்தலாகாது என்று ஆட்சியாளர் துணிந்தனர். புதிய துப்பாக்கி ஒன்றை இழிவாகச் செய்வதினும் இருப்பதை இழிவாக்குதல் எளிது. ஆகவே என்பீல்டுக் குழல்களின் புரியை முழுவதும் கடைந்தெடுத்து, உள்விட்டத்தை .577இலிருந்து .656 அங்குலமாக விரித்தனர். 900 கெஜம் காட்டிய ஏணியை அகற்றி, நிலையான சிறு குறிகாட்டி ஒன்றை வைத்தனர். வெளித்தோற்றத்தில் என்பீல்டே. பூண் மூன்று, பித்தளை முனை, அதே கட்டை. உள்ளே பழைய மஸ்கெட்டு. இது 1858ஆம் ஆண்டு மாதிரி எனப்பட்டது. கடைந்ததனாற் குழலின் சுவர் மெலிந்து ஆங்காங்கே புடைத்ததோடு, முனையிற் சனியனை மாட்டும்போது வளையவும் தலைப்பட்டது. அக்குறையைப் போக்கச் சுவர் தடித்த 1859ஆம் ஆண்டு மாதிரியை வகுத்தனர். சுவரைத் தடிப்பாக்கினரேயன்றிப் புரியைத் திருப்பித் தரவில்லை. சில படைகள் நீங்கலாக, இந்தியச் சிப்பாய்கள் இத்தகைய குழலையே நெடுநாள் சுமந்தனர்.

இப்பொழுது இத்தகைய 1858ஆம் ஆண்டுத் துப்பாக்கி ஒன்று நம் கைக்கு வருகிறது என்று கொள்வோம். உழவன் கடைந்ததும் கடைதல், அரசாங்கம் கடைந்ததும் கடைதல். ஒன்றைச் செப்பஞ்செய்தது போல மற்றொன்றையும் செய்தல் கூடுமா? கூடும். புரியுள்ள மெல்லிய உட்குழல் ஒன்றைச் செருகிப் பொருத்தும் தொழில் உண்டு; ஏணிக் குறிகாட்டியும் விலைக்குக் கிடைக்கும். சில வாரத்தில் 1853ஆம் ஆண்டின் 'பழைய உருவம்' கண்முன் நிற்கும்.

இதனைக் குறித்துச் சரித்திர வகுப்பு நண்பர் ஒருவரோடு பன்முறை வாதாடியிருக்கிறேன். அவர் கட்சி இது: புரியைக் கடைந்தது நம்மவர்க்குச் செய்த அவமதிப்பு, அவமதிப்பின் அடையாளத்தைத் துடைத்து அத்துப்பாக்கியைப் பழைய பெருமையோடு நிறுத்துதலே நியாயம், இழிவுசெய்தவன் செயலை நாம் ஏன் போற்றிப் பாதுகாக்க வேண்டும்? இதில் வலிமையுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழைய பெருமை என்று அவர் சொல்வது யாருடைய பெருமை? அச்சிப்பாய் அத்துப்பாக்கியைப் புரியோடு ஒருநாளும் ஏந்தியதில்லை. அவன் தோளிற் சுமந்ததும், இரவில் துடைத்து எண்ணெய் இட்டதும், போருக்குச் சென்றதும் புரியில்லாத குழலோடுதான். புரியை மீட்டால் நமக்குக் கிடைப்பது படைக்கலச் சாலையின் துப்பாக்கி. சிப்பாயின் துப்பாக்கி போய்விடும். மேலும், அரசாங்கம் சிப்பாயை நம்பவில்லை என்பதற்குப் புத்தகங்களில் ஆயிரம் சான்று இருக்கலாம். புரியில்லாத அக்குழலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பதுபோன்ற சான்று ஒன்றில்லை. அதனை நம் கையாலேயே அழித்தால், அழித்ததனாற் பயன்பெறுவோர் நாமல்லோம்.

நண்பர் இன்னும் இசையவில்லை. உழவன் கடைந்ததும் வாழ்ந்த வாழ்க்கையின் சுவடுதானே, அதனை மட்டும் அழிக்கலாமோ என்று திருப்பிக் கேட்கிறார். நேர்மையான கேள்வி. ஏட்டில் செல்லரித்த துளையும், உரையாசிரியர் ஒருவர் வேண்டுமென்றே கொண்ட பாடமும் வேறு என்று விடையளித்தேன். துளையை நிரப்ப வேறு ஏடுகள் உதவும்; வேறு பாடமோ அடிக்குறிப்பிலாயினும் நிலைபெறவேண்டுவது. ஆயினும், இன்னாருடையது, இன்ன பண்ணையிற் பயன்பட்டது என்று தெளிவாக அறியக்கூடிய உழவன் துப்பாக்கி ஒன்று கிடைக்குமேல், அதனையும் அறுத்தபடியே விட்டுவிடுவேன் என்று இவ்வளவுக்கு அவருக்கு இணங்கினேன். அவ்வாறு வரலாறு தெரிந்தவை மிகச் சில. பெயரும் ஊரும் அற்றுப் பாதி அறுபட்டுத் துருவேறிக் கிடப்பவையே மிகப் பல. அவற்றுள் ஒன்றிரண்டு முழு உருவம் பெறுதலால் இழப்பொன்றுமில்லை.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று கேட்பார்க்கு: அரசாங்கம் கடைந்ததிற் குழலின் நீளம் குறையாது, முன்கட்டையும் பூண்களும் இருக்கும், ஏணியின் இடத்தில் நிலையான குறிகாட்டி ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்கும், உள்விட்டம் .656 அங்குலத்தை ஒட்டியிருக்கும். உழவன் கடைந்ததில் அளவு ஒருபடித்தாய் இராது. குறிகாட்டியின் இடம் பெரும்பாலும் வெறுமையாகவோ, கொல்லன் ஒட்டிய துண்டொன்றுடனோ இருக்கும். உள்ளளவுகருவி ஒன்றும் பொறுமையும் இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

எஞ்சியது ஸ்னைடர். 1866இல் ஆங்கில அரசாங்கம் ஜேக்கப் ஸ்னைடர் என்னும் அமெரிக்கர் வகுத்த முறையை ஏற்று, என்பீல்டுக் குழலின் பின்முனையில் ஏறத்தாழ இரண்டரை அங்குலத்தை வெட்டி நீக்கி, வலப்புறமாகத் திறந்து மூடும் கதவொன்றைப் பொருத்திப் பின்வழியே தோட்டா இடுமாறு செய்தது. பழைய கட்டையும் விசைப்பொறியும் மாறவில்லை. நிமிடத்திற்கு மூன்று முறை சுட்டவன் பத்து முறை சுடலானான். ஸ்னைடர் அவ்வாண்டிலேயே இறந்துபோனார். ஆங்கிலப் படை 1871இல் மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கியை மேற்கொண்டபின்னரே ஸ்னைடர் இந்தியச் சிப்பாய்களின் கைக்குப் பரவலாக வந்தது. ஆதலால் நம் நாட்டிற் கிடைக்கும் ஸ்னைடர் ஒன்றில், 1850களின் ஆண்டு பொறித்த பொறித்தகடும், 1860களிற் பொருத்திய கதவும், அதன்பின் இந்தியப் படைப்பிரிவு ஒன்று கட்டையிற் குத்திய எண்ணும் ஒருங்கே இருத்தல் கூடும். அக்கதவை எடுத்துவிட்டு முன்னைய குழலைத் தேடிப் பொருத்துவோரும் வெளிநாடுகளில் உளர். என்னிடம் வந்தால் துருவை நீக்கி, கதவின் கீலுக்கு இரண்டு துளி எண்ணெய் இட்டு, பொறித்த எழுத்துக்களைப் படியெடுத்து எழுதி வைத்துக்கொண்டு, இருந்தவாறே சுவரில் மாட்டிவிடுவேன்.